ஆறு கயிறு, ஆறு பேர்

இங்கிலாந்தின் கிழக்கில், சஃபோக்கில், நான் குடியிருக்கும் கிராமத்தில் கடை கிடையாது. பள்ளிக்கூடத்தை மூடிப் பல வருடம் ஆகிறது. இப்போது அது யாரோ ஒருவருடைய வீடு. பேருந்து ஆடிக்கொரு முறை அமாவாசைக்கொரு முறை வரும். ஆனால் ஊர் நடுவில் சக்கிமுக்கிக் கல்லால் கட்டிய பெரிய தேவாலயம் ஒன்று நிற்கிறது. இடைக்காலத்தில் இந்தப் பக்கம் கம்பளி வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. அந்தப் பணத்தில் கட்டிய கோயில்கள் என்பதால் ஊரின் அளவுக்கும் கோயிலின் அளவுக்கும் சம்பந்தமே இருக்காது. எங்கள் கோபுரத்தில் ஆறு மணிகள் இருக்கின்றன. சின்னது 200 கிலோ இருக்கும், பெரியது அரை டன். மூத்த மணி 17-ஆம் நூற்றாண்டில் வார்த்தது.

மணிகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வெண்கலம் தானாகக் கெடாது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் லாவனம் என்று ஒரு ஊர். அங்கே மைல்ஸ் கிரே என்பவர் 1625-இல் வார்த்த பெரிய மணியை இன்றைக்கும் அடிக்கிறார்கள். அதைக் கேட்பதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள். மணி நானூறு வருடம் தாங்கும். அதை அடிக்கத் தெரிந்த ஆள் அவ்வளவு நாள் தாங்க மாட்டார். ஆறு பேரில் ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவர் மகள் வீட்டோடு போய்விட்டார், ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை என்றால் முடிந்தது கதை. ஒரு சின்ன ஊரில் மணியடிப்பது நின்றுபோவது இப்படித்தான். யாரும் முடிவெடுத்து நிறுத்துவதில்லை.

இது நம் ஊர் மணியடிப்பு போன்றது இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கம் நான் வளர்ந்த தெருவில் சி.எஸ்.ஐ. கோயில் ஒன்று உண்டு. ஞாயிறு காலையில் முதல் மணி, இரண்டாம் மணி என்று கோயில்குட்டியார் ஒருவரே அடிப்பார். ஒரு கயிறு, ஒரு ஆள். ஆராதனைக்கு நேரமாகிறது என்பது சேதி. சேதி சேர்ந்தால் போதும்.

இங்கே நடப்பது வேறு. ஒவ்வொரு மணியும் ஒரு முழுச் சக்கரத்தோடு பிணைத்துத் தொங்குகிறது. அடிக்கத் தொடங்கும் முன் அதை ஊஞ்சல் ஆட்டுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக வீச்சைக் கூட்டி, வாய் வானத்தைப் பார்க்கும்படி தலைகீழாக நிறுத்திவிடுவார்கள். கயிற்றை இழுத்தால் மணி முழு வட்டம் சுற்றி மறுபக்கம் மறுபடி தலைகீழாக வந்து நிற்கும். அந்த ஒரு சுற்றுக்கு ஒரு நாதம். இன்னொரு இழுப்புக்கு வந்த வழியே திரும்பிச் சுற்றும். அதற்கொரு நாதம். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இங்கிலாந்தில் உருவாகி வந்த ஏற்பாடு இது. ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் மணி ஆடும், கொட்டும், விசைப்பலகையில் பாட்டுகூட வாசிப்பார்கள். இப்படித் தலைகீழாக நிறுத்தி முழு வட்டம் சுற்றவிடுவது பெரும்பாலும் இங்கிலாந்தின் வழக்கம். இதற்கென்று அமைத்த மணிக் கோபுரங்கள் இந்த நாட்டில் ஐயாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன.

தலைகீழ் நிலையில் மணி ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்தைக் கொஞ்சம் நீட்டலாம், கொஞ்சம் குறைக்கலாம். நீட்டினால் பக்கத்து மணி முந்திக்கொள்ளும், குறைத்தால் நாம் முந்திக்கொள்வோம். அரை டன் உலோகம் ஒரு இடம்தான் நகரும், இரண்டு இடம் தாவாது. ஆகவே மெட்டு வாசிக்க வழியில்லை. அதற்குப் பதிலாக இந்த மக்கள் வரிசை மாற்றத்தையே இசையாக்கிக்கொண்டார்கள். முதலில் 1, 2, 3, 4, 5, 6 என்று சின்ன மணியில் தொடங்கிப் பெரிய மணிவரை இறங்கும் வரிசை. அதற்கு ரவுண்ட்ஸ் என்று பேர். பிறகு 2, 1, 4, 3, 6, 5. அப்புறம் 2, 4, 1, 6, 3, 5. ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு மணியும் ஒரே ஒருமுறை ஒலிக்க வேண்டும். ஒரு முறை வந்த வரிசை மறுபடி வரக்கூடாது.

பள்ளியில் படித்த வரிசை மாற்றக் கணக்குதான். மூன்று மணிகளுக்கு 6 வரிசை, நான்குக்கு 24, ஐந்துக்கு 120, ஆறுக்கு 720. எங்கள் ஊர் மணிகளில் ஒரு வரிசைக்கு இரண்டு விநாடி பிடிக்கும். ஆக, ஆறு மணியில் சாத்தியமான அத்தனை வரிசைகளையும் சுமார் 25 நிமிடத்தில் அடித்து முடித்துவிடலாம். ஏழு மணி என்றால் 5,040. மூன்று மணி நேரம். எட்டு மணிகளுக்கு 40,320. அதையும் 1963-இல் லஃப்பரோ என்ற ஊரில் எட்டுப் பேர் ஆள் மாறாமல் அடித்து முடித்தார்கள், கிட்டத்தட்ட 18 மணி நேரம். கையில் தாள் கிடையாது, சுவரில் எழுதி வைப்பதும் இல்லை. எல்லாம் மனப்பாடம். வரிசை மாற வேண்டிய இடத்தில் நடத்துபவர் நடுநடுவே 'பாப்', 'சிங்கிள்' என்று குரல் கொடுப்பார், அவ்வளவுதான்.

எங்கள் ஊரிலிருந்து நாரிச் நகரம் கிட்டத்தில்தான். அங்கே சந்தைக்கு மேலே நிற்கிற புனித பீட்டர் மான்கிராஃப்ட் தேவாலயத்தில், 1715 மே 2 அன்று, 5,040 வரிசைகளையும் தவறில்லாமல் அடித்தார்கள். இப்படி இடைவிடாமல் ஐயாயிரம் வரிசைக்குக் குறையாமல் அடிப்பதற்குப் பீல் என்று பேர். முழுமையான முதல் பீல் என்று மணியடிப்பவர்கள் ஏற்றுக்கொண்டிருப்பது அதைத்தான். அதைப் பதிந்த பலகை முன்னால் நின்றபோது எனக்கு மெய்சிலிர்த்தது. சாதாரண ஆட்கள் சேர்ந்து, ஒருவர் தலையிலும் முழுசாக அடங்காத ஒரு கணக்கை உடம்பால் போட்டு முடித்திருக்கிறார்கள். அதற்கு முன்பே, 1677-இல், ஃபேபியன் ஸ்டெட்மன் இந்தக் கலைக்கு இலக்கணமாக 'கேம்பனாலஜியா' என்ற நூலை வெளியிட்டிருந்தார். அவர் அமைத்த முறை ஒன்றை அவர் பெயராலேயே இன்றும் அடிக்கிறார்கள்.

சரி, இவ்வளவு பெருமை இருந்தும் ஏன் ஆள் கிடைப்பதில்லை?

ஆள் கிடைக்காதது இன்று நேற்றுக் கதை இல்லை. ஒரு காலத்தில் ஆட்கள் இருந்தார்கள், பாதிரியாருக்குத்தான் அவர்களைப் பிடிக்கவில்லை. கோபுரத்துக்குள் பீர் ஜாடி போகும். ஆராதனைக்கு மணியடித்துவிட்டு ஆராதனைக்கு வராமல் இறங்கிப் போவார்கள். க்ளாஸ்டர்ஷயரில் பிட்டன் என்ற ஊரில் எல்லக்கோம் என்ற குரு 1821-இல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மணிகளைத் தொங்கவிட்டபடியே வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சுத்தியல், சுத்தியல்களிலிருந்து வரும் கயிறுகளை ஒரே சட்டத்தில் கட்டிவிட்டார். ஒரே ஆள் நின்று எல்லா மணியையும் தட்டிவிடலாம். முரட்டு ஆட்களுக்கு இனி வேலை இல்லை.

அந்தச் சட்டம் பல கோபுரங்களில் இன்றும் சுவரோடு இருக்கிறது. ஆறு பேருக்குப் பதில் ஒருவர் போதும் என்ற யோசனை அதோடு நிற்கவில்லை. இப்போது மின்சுத்தியல் இருக்கிறது, பதிவு செய்த ஒலியை ஒலிபெருக்கியில் போடுகிற கோயில்களும் உண்டு. கல்யாணத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று போடுகிறார்கள். குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: சுத்தியல் தட்டுகிற மணியும் முழு வட்டம் சுற்றுகிற மணியும் காதுக்கு ஒன்றில்லை. சுற்றும் மணி வாயைத் திறந்து வெளியே வீசிவிட்டுப் போகிறது. நாதத்துக்கு ஒரு உந்தலும் ஒரு தேய்வும் இருக்கிறது. தொங்கும் மணியைத் தட்டினால் அது இருந்த இடத்திலேயே முனகும். அதைவிட முக்கியம், ஒரே ஆள் தட்டும்போது அவருக்கு அந்த ஊரில் இன்னொரு ஆள் தேவைப்படுவதில்லை.

போர்கள் வேறு. முதல் உலகப் போரில் மணியடிப்பவர்கள் சுமார் 1,400 பேர் இறந்துபோனார்கள். கிராமத்து இளைஞர்கள் கூட்டமாகச் சேர்ந்து ஒரே படைப்பிரிவில் போனதால் சில கோபுரங்களில் கயிறு பிடிக்க ஆளே திரும்பவில்லை. இரண்டாம் போரில் 1940 ஜூனில் மணியடிக்கவே தடை வந்தது. எதிரிப் படை வானிலிருந்து குதித்தால் மட்டும் எச்சரிக்கையாக அடிக்க வேண்டும் என்று உத்தரவு. வட ஆப்பிரிக்காவில் கிடைத்த எல் அலமைன் வெற்றிக்காக 1942 நவம்பர் 15 அன்று ஒருநாள் அடிக்கவிட்டார்கள். தடை நீங்கியது 1943-இல். மூன்று வருடம் புதிதாக யாரும் கற்கவில்லை என்றால் ஒரு தலைமுறையில் ஒரு ஓட்டை விழுகிறது. 2020-இல் கொரோனா வந்தபோது எங்கள் கூட்டத்தில் மூத்தவர்கள் இதைத்தான் பேசிக்கொண்டார்கள். சின்ன அறை, ஆறு பேர், ஒரே கயிற்றைப் பல கைகள் பிடிப்பது. நோய் பரவ இதைவிட நல்ல இடம் வேண்டாம். கோபுரத்தைப் பூட்டினோம். அந்த நாட்களில் இணையத்தில் 'ரிங்கிங் ரூம்' என்று ஒன்று வந்து, அவரவர் வீட்டில் விசைப்பலகையைத் தட்டிப் பயிற்சி செய்தோம். வரிசைகள் மறக்காமல் இருந்ததற்கு அது காரணம். திறந்தபோது திரும்பி வராதவர்களும் இருந்தார்கள்.

விழாக்கள் ஆட்களைக் கொண்டுவரும். 2018-இல், முதல் போர் முடிந்த நூறாவது ஆண்டுக்கு, இறந்துபோன 1,400 பேரின் இடத்துக்குப் புதிதாக 1,400 பேரைச் சேர்ப்போம் என்று நாடெங்கும் அழைப்பு விட்டார்கள். அந்த எண்ணிக்கையைத் தாண்டியே ஆட்கள் வந்தார்கள். 2023 மே மாதம் மன்னர் முடிசூட்டுக்கும் அப்படியே. நல்ல காரியம்தான். ஆனால் முடிசூட்டு விழாவுக்காக வந்தவர் முடிசூட்டு முடிந்ததும் போகலாம்; போனால் தப்பும் சொல்ல முடியாது. பணமும் அப்படித்தான். 2000-ஆம் ஆண்டை ஒட்டி லாட்டரி நிதியில் எத்தனையோ கோபுரங்களில் மணிகளைச் சீர்செய்து தந்தார்கள். மணிச் சட்டம் புதிது, சக்கரம் புதிது, கயிறு புதிது. அவற்றுக்கு ஒரு செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு மழையில் ஆறு பேரைக் கொண்டுவந்து நிறுத்த எந்த நிதியாலும் முடியாது.

கற்றுக்கொடுப்பதைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் உயிர் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் டவர் கேப்டன், அதாவது மணியடிப்பவர்களின் தலைவர், எழுபதைக் கடந்த பெண்மணி. அப்பாவிடம் கற்றவர். (பெண்கள் கோபுரம் ஏறுவதே ஒரு காலத்தில் அதிசயம். ஒரு பெண் பங்கேற்று முடித்த முதல் பீல் 1896-இல் நடந்தது. அவர் பெயர் ஆலிஸ் ஒயிட். இன்று எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் பெண்கள்.) புதிதாக வருகிறவரை அவர் முதலில் மணிக்கூண்டுக்கு மேலே கூட்டிக்கொண்டு போவார். ஏணி ஏறி, மணிகளைப் பக்கத்தில் பார்த்து, "இது என்ன செய்யும் தெரிகிறதா?" என்று கேட்பார். ஒரு மணி சுற்றும்போது மேலே எவ்வளவு காற்று அடிக்கும், எவ்வளவு மரம் அதிரும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கயிற்றைத் தொடவிடுவார்.

கயிற்றில் நெஞ்சு உயரத்துக்குக் கம்பளி நூலால் தடித்த பகுதி ஒன்று இருக்கிறது. சிவப்பு, வெள்ளை, நீலம். அதன் பெயர் சாலி. கீழே கயிற்றின் வால். சாலியைப் பிடித்து இழுத்தால் மணி கவிழ்ந்து சுற்றும், சாலி கையை விட்டு மேலே விட்டத்துக்குள் ஏறும். அப்போது கையில் வால் மட்டும் இருக்கும். கை இரண்டும் தலைக்கு மேலே நீண்டு நிற்கும். வாலை இழுத்தால் மணி திரும்பி வரும், சாலி இறங்கும், அதை மறுபடி பிடிக்க வேண்டும். முதலில் சொன்னது ஹேண்ட்ஸ்ட்ரோக், அடுத்தது பேக்ஸ்ட்ரோக்.

கற்பவருக்கு முதலில் பேக்ஸ்ட்ரோக் மட்டும். சாலியைக் கேப்டன் பார்த்துக்கொள்வார். இருவரும் ஒரே கயிற்றில் முகத்துக்கு முகம் நிற்பார்கள். "மேலே பார்க்காதே, என்னைப் பார்." இதைத்தான் அதிகம் சொல்வார். கயிறு எங்கே போகிறது என்று பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை. பார்த்தால் முகம் நிமிரும், கை வளையும், கயிறு கோணும். பார்க்காமல் இருந்தால் கயிறு வருவது கைக்குத் தெரியும். அப்புறம் சாலி மட்டும். "பிடி, இழு, விடு." அந்த 'விடு'வில்தான் எல்லாம் இருக்கிறது. பயத்தில் விடாமல் பிடித்துக்கொண்டால் 300 கிலோ மணி ஆளையும் சேர்த்துத் தூக்கும். கேப்டன் கை எப்போதும் கயிற்றிலிருந்து அரை அடியில் இருக்கும். பலம் இதற்கு வேண்டியதில்லை. பலசாலிகளுக்குத்தான் கற்பது கஷ்டம். அவர்கள் மணியோடு மல்லுக்கட்டுவார்கள். மணியைத் தனியாகக் கட்டுக்குள் வைக்கப் பொதுவாகப் பத்துப் பதினைந்து மணி நேரப் பயிற்சி தேவைப்படும். அவ்வளவு நேரமும் ஒருவருக்கு ஒருவர் எதிரே நின்றே கற்றுக்கொடுக்க வேண்டும். கூட்டமாக வகுப்பு எடுக்கிற வித்தை இல்லை இது.

பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி எங்களிடம் கற்றாள். அவள் அம்மா கீழே காரில் காத்திருப்பார். முதலில் இரண்டு இழுப்பையும் தனித்தனியாகச் செய்தவள், ஒருநாள் சேர்த்துச் செய்தாள். கேப்டன் சத்தமில்லாமல் ஓரடி பின்னால் நகர்ந்தார், பிறகு இன்னொரு அடி. நாங்கள் சுவரோரப் பெஞ்சில் மூச்சுப் பிடித்து உட்கார்ந்திருந்தோம். நான்கைந்து சுற்று போன பிறகுதான் தன்னுடைய கை மட்டும்தான் கயிற்றில் இருக்கிறது என்று அவள் கவனித்தாள். முகம் முழுக்கச் சிவந்தது, ஆனால் கயிற்றை விடவில்லை. "நிறுத்து" என்றதும் மணியைத் தலைகீழாகக் கொண்டுவந்து நிறுத்தினாள். கேப்டன் கைதட்டவில்லை. "நல்லது. மறுபடி," என்றார். இந்த ஊரிலேயே எனக்குப் பிடித்த குரல் அது.

அதற்கப்புறம் இன்னொரு பெரிய பாடம் இருக்கிறது: மற்றவர்களோடு அடிப்பது. ஆறு கயிறு ஏறி இறங்கும்போது தன் முன்னால் எந்தக் கயிறு போகிறது என்று ஓரக்கண்ணால் பிடிக்க வேண்டும். வரிசைக்கு வரிசை அது மாறிக்கொண்டே இருக்கும். முதலில் ஒன்றும் புரியாது, ஒரே காடாகத் தெரியும். ஒருநாள் புரிந்துவிடும். அது எப்படி என்று என்னால் விளக்க முடியவில்லை. எனக்குப் புரிந்த நாளிலும் யாரோ ஒருவர் எனக்கு எதிரே நின்று கண்ணாலேயே 'இப்போது என் பின்னால்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படி எங்களிடம் கற்ற அந்தப் பெண் இப்போது வளர்ந்துவிட்டாள், வரும் செப்டம்பரில் பல்கலைக்கழகம் போகிறாள். ஊரில் சிலர் கேட்டார்கள்: "இத்தனை பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்து என்ன பிரயோஜனம்? போய்விடுகிறாள் பாருங்கள்." ஊர்க் கோபுரங்களைப் பற்றி நான் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. பிள்ளைகள் நிற்க மாட்டார்கள், அதனால் பெரியவர்களுக்கு மட்டும் கற்றுக்கொடுப்போம் என்பவர்களும் உண்டு.

எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. எங்கள் ஆறு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். கேப்டன் ஒருவர்தான் இந்த ஊரில் கற்றவர். டெனர் என்கிற பெரிய மணியை அடிப்பவர் யார்க்‌ஷயரில், அவருடைய சின்ன வயதில் ஏதோ ஒரு கிராமத்தில் கற்றார். வேலைக்காக இங்கே வந்தார். இன்னொருவர் டெவனில் கற்றவர். அங்கே நடத்துபவர் கூப்பிடக் கூப்பிட வரிசையை மாற்றும் தனி வழக்கம் இருக்கிறது, போட்டிகளும் நடக்கும். மணியை ஏற்றுவதும் இறக்குவதும் அவர்கள் செய்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அந்த நேர்த்தியை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். யார்க்‌ஷயர்க்காரரைப் பார்த்து அந்த ஊரில் யாராவது, "இவன் நிற்க மாட்டான், எதற்கு வீண்வேலை" என்று சொல்லியிருந்தால் இன்று எங்கள் டெனர் சும்மா தொங்கும். எங்கோ யாரோ செலவழித்த செவ்வாய்க்கிழமைகளில்தான் எங்கள் ஊர் மணி ஒலிக்கிறது. ஆகவே நாங்களும் எந்த ஊருக்கோ ஒரு ஆளைத் தயார்செய்து அனுப்பித்தான் ஆக வேண்டும். ஆக்ஸ்போர்ட் மாணவர் சங்கம் 1872-இலும் கேம்பிரிட்ஜ் சங்கம் 1879-இலும் தொடங்கியவை. மற்றப் பல்கலைக்கழகங்களிலும் சங்கங்கள் உண்டு. போகிற இடத்தில் அவளுக்கு முதல் வாரமே சிநேகிதர்கள் கிடைப்பார்கள்.

இதே காரணத்துக்காகத்தான் 'நம் கோபுரம், நம் ஆட்கள்' என்ற பிடிவாதத்தையும் நான் எதிர்க்கிறேன். பக்கத்தில் மூன்று ஊர்கள். ஒன்றில் மூன்று பேர், இன்னொன்றில் இரண்டு பேர், மூன்றாவதில் மணிகள் மட்டும். தனித்தனியே பார்த்தால் மூன்றும் செத்த கோபுரம். நாங்கள் பயிற்சியைச் சுற்றுமுறையில் வைத்துக்கொண்டோம். ஒரு வாரம் இங்கே, அடுத்த வாரம் அங்கே. ஞாயிறு காலை முதலில் ஒரு ஊரில் அடித்துவிட்டுக் கார் ஏறி அடுத்த ஊருக்குப் போவோம். முதலில் முணுமுணுப்பு இருந்தது. பெரியவர் ஒருவர், தன் கோபுரத்தில் நாற்பது வருடம் அடித்தவர், எங்கள் மணிகள் 'வளைந்து கேட்கின்றன' என்று வரவே மறுத்தார். கேப்டன் அவர் வீட்டுக்குப் போய் என்ன பேசினார் என்று தெரியாது. மறுவாரம் வந்தார், கேக்கும் கொண்டுவந்தார். இந்தக் கேக்கை லேசாக நினைக்க வேண்டாம். பயிற்சிக்குப் பின் தேநீரும் கேக்கும், அல்லது பக்கத்து ஊர் பப்பில் அரை மணி நேரம். அதுவும் இல்லாத கூட்டம் நிலைத்து நான் பார்த்ததில்லை.

ஆள் குறைந்த நாளில் என்ன செய்வது? நான்கு பேர் வந்தால் நான்கு மணி. 24 வரிசை, ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். மறுபடி தொடங்க வேண்டியதுதான். மூன்று பேர் வந்தால் மூன்று. ஆனால் ஊருக்குத் தெரிந்துவிடும். காலையில் தபால்காரர் கேட்பார், "நேற்று யார் வரவில்லை?" என்று. பெரிய நகரத்தில் பன்னிரண்டு மணி உள்ள கோபுரத்தில் ஒருவர் வராவிட்டால் வேறொருவர் நிற்பார். இங்கே உங்கள் இடத்தில் யாரும் இல்லை, நீங்கள் வந்தே ஆக வேண்டும். எனக்கு இந்த ஊரில் சொந்தம் என்று ஒருவரும் இல்லாத காலத்தில், செவ்வாய் இரவு ஏழரைக்கு நான் வரவில்லையென்றால் ஒரு மணி நிற்கும் என்ற நிலை எனக்குக் கிடைத்தது. நான் கிறிஸ்தவர் இல்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை. எங்கள் கூட்டத்தில் ஆராதனைக்கு உட்காருகிறவர்கள் உண்டு, மணியடித்ததும் வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. குருவானவர் எல்லோருக்கும் நன்றி சொல்கிறார்.

மேலே உள்ள வேலைகளையும் யாராவது செய்ய வேண்டும். ஒவ்வொரு மணியின் தலைக்கட்டையிலும் ஆஷ் மரத்தில் செய்த ஸ்டே என்ற குச்சி ஒன்று மாட்டியிருக்கும். மணி தலைகீழாக நிற்கும்போது நிலை தாண்டிப் போகாமல் அது தாங்கும். கற்பவர் ரொம்ப பலமாக இழுத்தால் ஸ்டே படாரென்று முறியும். முறியத்தான் வேண்டும், இல்லாவிட்டால் மணிச் சட்டம் போய்விடும். முறிந்ததும் கயிற்றை உடனே விட்டுவிடச் சொல்லித்தந்திருப்போம். ஆஷ் மரத்துக்கு இந்த நாட்டில் நோய் வந்திருக்கிறது. 2012-இல் கண்டறிந்தார்கள், இப்போது ஊர் எல்லையெல்லாம் பட்ட மரங்கள். நல்ல காய்ந்த ஆஷ் கட்டை எங்கே கிடைத்தாலும் எங்கள் கோபுரப் பராமரிப்பாளர் வாங்கி வைக்கிறார். மழைக்காலத்தில் கயிறு ஈரம் குடித்துச் சுருங்கும்; நீளத்தைச் சரிபார்க்க வேண்டும். நவம்பரில் போரில் இறந்தவர்களுக்கான ஞாயிறுக்கு மணியின் நாக்கில் ஒரு பக்கம் மட்டும் தோல் உறை கட்டுவோம். ஒரு அடி முழுசாகக் கேட்கும், அடுத்த அடி அதன் எதிரொலி போலத் தூரத்திலிருந்து வரும். குளிரில் விரல் விறைக்க, முழங்காலில் நின்று, வாரை இறுக்கிக் கட்டுகிற வேலை. பிழையாகக் கட்டினால் நடுவில் அவிழ்ந்துவிடும். நாங்கள் அதை இரண்டு பேராகத்தான் செய்வோம், ஒருவர் கட்ட மற்றவர் பார்க்க.

சத்தம் என்று புகார் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பட்டணத்திலிருந்து வீடு வாங்கி வந்தவர்கள் என்று உடனே அவர்களைக் குறை சொல்லிவிடுவது எனக்குப் பிடிக்காது. கற்பவர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் தப்பும் தவறுமாக அடிப்பதைக் கேட்பது சுகமில்லை. இதற்கு வழி இருக்கிறது: நாக்கைக் கட்டிப் போட்டு, சக்கரத்தில் உணரி வைத்து, கணினியில் ஒலி வரச் செய்யலாம். கயிறும் எடையும் உண்மை, ஒலி அறைக்குள் மட்டும். பயிற்சியின் பெரும்பகுதியை நாங்கள் இப்படித்தான் செய்கிறோம். கடைசி அரை மணி நேரம் மட்டும் நாக்கை அவிழ்க்கிறோம். புகார் சொன்ன வீட்டுக்காரரை ஒருநாள் மேலே அழைத்தோம். அவர் மகன் இப்போது ட்ரெபிள் என்கிற சின்ன மணியைக் கற்கிறான்.

செப்டம்பரில் ஒரு இடம் காலியாகிறது. இரண்டு பேர் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், ஒருவருக்கு இன்னும் சாலி சரியாக வரவில்லை. பிரிட்டனில் இருக்கிற நம் ஆட்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் ஊரில் வார நாளில் மாலை ஏழு, ஏழரைக்கு மணிச்சத்தம் கேட்டால் அது பயிற்சி. கோபுரத்தின் அடியில் ஒரு சின்னக் கதவு இருக்கும். பெரும்பாலும் தாழ் போட்டிருக்காது. படி குறுகல், சுழன்று ஏறும், கைப்பிடிக்குக் கயிறு இருக்கும். மணிகள் ஓயும்வரை வாசலில் நின்று, அப்புறம் உள்ளே போய்ப் பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள். வயது பார்க்க மாட்டார்கள், மதம் கேட்க மாட்டார்கள். உட்கார இடம் கொடுப்பார்கள். போகும்போது, அடுத்த வாரம் வருவீர்களா என்று கேட்பார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.